ஆன்சல் கீஸ்

ஆன்சல் பெஞ்சமின் கீஸ் (ஜனவரி 26, 1904 – நவம்பர் 20, 2004) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த உடலியங்கியல் அறிஞர் ஆவார். மனிதர் உண்ணும் கொழுப்புக்கும் மாரடைப்புக்கும் இடையேயுள்ள தொடர்பைப் பல நாட்டு மக்களிடையே ஒப்பிட்டு ஆராய்ந்தவர்களுள் இவர் முன்னோடி. ஏழு நாடுகள் ஆய்வு, மினசோட்டா பட்டினி ஆய்வு ஆகியன இவருடைய புகழ்பெற்ற பணிகள். மத்தியதரைக் கடற்பகுதி உணவுமுறை உலகெங்கும் அறியப்படுவதற்கும் இவரே பெரிதும் காரணமாவார். இதய நலத்துக்கு எதை உண்ண வேண்டும் என்பதில் பல்வேறு நாடுகளின் அதிகாரபூர்வ உணவு வழிகாட்டிகள் முரண்படுவது ஏன் என்ற வினாவுக்கான விடையின் பெரும்பகுதி இவருடைய ஆய்வு வரலாற்றிலேயே அடங்கியுள்ளது.

பிறப்பும் இளமையும்

கீஸ் கொலராடோ மாநிலத்தின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் பிறந்தார். ஊமைப்படக் கால நடிகர் லான் சேனி இவருடைய தாய்மாமன். குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தது. 1906ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்துக்குப் பின் பெர்க்லியில் குடியேறியது. உளவியலாளர் லூயிஸ் டெர்மன் நுண்ணறிவு மிக்க குழந்தைகளைத் தெரிவு செய்து நடத்திய நெடுங்கால ஆய்வில் கீசும் ஒருவராகச் சேர்க்கப்பட்டார்.

இளமையில் இவர் ஓரிடத்தில் நிலைத்திருக்கவில்லை. பள்ளிப் படிப்பை இடையில் விட்டு மரம் வெட்டும் முகாமிலும், சுரங்கத்திலும், அரிசோனா குகைகளில் வௌவால் எச்சம் அள்ளும் வேலையிலும் ஈடுபட்டார். பின்னர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயிலச் சேர்ந்து, அதையும் நிறுத்திவிட்டுச் சீனாவுக்குச் செல்லும் கப்பலில் எண்ணெயிடும் தொழிலாளியாகப் பணியாற்றினார். திரும்பி வந்து பொருளியலிலும் அரசறிவியலிலும் இளங்கலைப் பட்டமும், விலங்கியலில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். 1930இல் இஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

அதன் பின் கோபன்ஹேகன் சென்று, நோபல் பரிசு பெற்ற ஆகஸ்ட் குரோக்கிடம் மீன்களின் உடலியங்கியலை ஆராய்ந்தார். விலாங்கு மீன் தன் செவுள்கள் வழியாக உப்பை எவ்வாறு வெளியேற்றுகிறது என்பது அக்கால ஆய்வுகளுள் ஒன்று. தொடர்ந்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியலில் இரண்டாவது முனைவர் பட்டமும் பெற்றார்.

உயர்மலை ஆய்வும் போர்க்கால உணவும்

1935இல் சிலி நாட்டின் அந்தீஸ் மலைத்தொடரில் நடந்த பன்னாட்டு ஆய்வுப் பயணத்தில் கீஸ் பங்கேற்றார். சுமார் 6,000 மீட்டர் உயரத்தில் தங்கி, ஆக்சிசன் குறைந்த சூழலுக்கு மனித உடல் எவ்வாறு இணங்குகிறது என்பதை இக்குழுவினர் தம் உடல்களிலேயே சோதித்து அறிந்தனர். மீன்களை ஆராய்ந்து வந்தவர் மனிதரை ஆராயத் திரும்பியதற்கு இப்பயணம் ஒரு திருப்புமுனையாகும். அவ்வாய்வில் சிலருடைய உடல் எளிதில் இணங்கியது, வேறு சிலருடைய உடல் திணறியது. மனிதருக்கு மனிதர் உள்ள இவ்வேறுபாடே பின்னாளில் இவருடைய ஆய்வுப் பொருளாயிற்று.

1937இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த இவர், அங்கு உடலியங்கியல் நலவியல் ஆய்வகத்தை நிறுவினார். பல்கலைக்கழக விளையாட்டரங்கின் பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில் அமைந்த அறைகளே அந்த ஆய்வகம். 1939இல் வேதியியலாளர் மார்கரெட் ஹேனியை மணந்தார். கணவரின் ஆய்வுப் பயணங்களில் உடன் சென்று, பல நாட்டு மக்களின் குருதியில் கொலஸ்டிரால் அளவைக் கணித்தவர் மார்கரெட் ஆவார்.

இரண்டாம் உலகப்போரின்போது, வீரர்கள் சட்டைப்பையில் எடுத்துச் செல்லக்கூடிய அடைக்கப்பட்ட உணவுப் பொதியை உருவாக்கும் பணி கீசிடம் ஒப்படைக்கப்பட்டது. மினியாபொலிஸ் நகர மளிகைக் கடையொன்றில் பிஸ்கட், உலர்ந்த இறைச்சி, மிட்டாய், சாக்லேட் முதலியவற்றை வாங்கி முதல் மாதிரியை இவர் அமைத்தார். இதிலிருந்து உருவான பொதி கே ரேசன் எனப்பட்டது. அவ்வெழுத்து இவருடைய பெயரைக் குறிப்பதாகப் பரவலாகக் கூறப்படுகிறது. வேறு விளக்கங்களும் உண்டு.

மினசோட்டா பட்டினி ஆய்வு

போர் முடிந்ததும் ஐரோப்பாவில் பட்டினியால் நலிந்த மக்களுக்கு எவ்வாறு உணவளித்து மீட்பது என்பது அன்றைய அவசர வினாவாக இருந்தது. இதை அறிய 1944 நவம்பரில் கீஸ் ஓர் ஆய்வைத் தொடங்கினார். மனச்சான்றின் அடிப்படையில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் இதற்குத் தாமாக முன்வந்தனர். 24 வாரங்கள் இவர்களுக்கு ஏறத்தாழ அரைவயிற்று உணவே அளிக்கப்பட்டது. உடல் எடையில் சுமார் கால்பங்கு குறைந்தது. இதயத் துடிப்பு மெலிந்தது. சோர்வும் மனத்தளர்ச்சியும் மிகுந்தன. சிந்தனை முழுவதும் உணவைப் பற்றியதாக மாறியது.

மீட்புக் காலத்தில் உயிர்ச்சத்து மாத்திரைகளையும் புரதத்தையும் கூட்டுவதால் மட்டும் பயனில்லை, போதிய கலோரி கிடைத்தாலன்றி உடல் தேறாது என்பது தெரியவந்தது. இம்முடிவுகள் 1950இல் சுமார் 1,400 பக்கங்கள் கொண்ட இரு தொகுதி நூலாக வெளிவந்தன. இத்தகைய ஆய்வை மனிதரிடம் மீண்டும் நடத்த இன்றைய அறநெறி விதிகள் இடந்தரா. ஆகவே பட்டினியைப் பற்றிய அறிவுக்கு இந்நூல் இன்றும் அடிப்படையாக விளங்குகிறது.

இதய நோய் ஆய்வு

போருக்குப் பின் அமெரிக்காவில் நன்கு உண்டு வசதியாக வாழ்ந்த நடுவயது ஆண்கள் பலர் திடீரென மாரடைப்பால் இறந்தனர். நாளிதழ்களின் இரங்கல் குறிப்புகளில் இதைக் கவனித்த கீஸ், 1947இல் மினசோட்டா வணிகப் பிரமுகர்களைத் தெரிந்தெடுத்து ஆண்டுதோறும் பரிசோதிக்கத் தொடங்கினார். நோய் வருவதற்கு முன்பே நலமுள்ளவர்களை அளந்து வைத்து, பின் யாருக்கு நோய் வருகிறது எனக் காத்திருந்து பார்க்கும் முறை அக்காலத்தில் புதிது.

கொலஸ்டிராலுக்கும் குருதிக்குழாய்த் தடிப்புக்கும் தொடர்புண்டு என்ற கருத்து அதற்கு முன்பே இருந்தது. 1913இல் உருசிய அறிஞர் நிக்கொலாய் அனிச்கோவ், முயல்களுக்குக் கொலஸ்டிராலை உணவாக அளித்து அவற்றின் தமனிகளில் கொழுப்புப் படிவதைக் காட்டியிருந்தார். ஆனால் முயல் தாவர உண்ணி. மனிதரில் உணவிலுள்ள கொலஸ்டிரால் குருதியிலுள்ள கொலஸ்டிராலைச் சிறிதளவே மாற்றுகிறது என்றும், உணவிலுள்ள கொழுப்பின் தன்மையே முதன்மையானது என்றும் கீஸ் தம் சோதனைகள் மூலம் கண்டார்.

1951இல் உரோமில் நடந்த கூட்டமொன்றில் நேப்பிள்சைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர், தம் ஊரில் மாரடைப்பு அரிது என்று கீசிடம் கூறினார். இதை நேரில் ஆராய 1952இல் கீஸ் இணையர் நேப்பிள்ஸ் சென்றனர். அங்கு உழைக்கும் மக்களின் குருதிக் கொலஸ்டிரால் மினசோட்டா ஆண்களைவிடக் குறைவாக இருந்தது. இறைச்சியும் வெண்ணெயும் மிகுதியாக உண்ட செல்வந்தர்களிடம் அது கூடுதலாக இருந்தது. மத்ரித் நகரிலும் ஏழைகளுக்கும் செல்வர்களுக்கும் இடையே இதே வேறுபாடு காணப்பட்டது. அடுத்து யப்பானில் வாழும் யப்பானியர், அவாயிலும் லாஸ் ஏஞ்சலசிலும் குடியேறிய யப்பானியர் ஆகியோர் ஒப்பிடப்பட்டனர். அமெரிக்க உணவுப் பழக்கத்துக்கு நெருங்க நெருங்கக் கொலஸ்டிரால் உயர்ந்தது. இதனால் இந்நோய் இனத்தைச் சார்ந்ததன்று, வாழ்முறையைச் சார்ந்தது என்ற முடிவுக்குக் கீஸ் வந்தார்.

ஆறு நாடுகளின் வரைபடம்

1953இல் வெளியிட்ட கட்டுரையில் யப்பான், இத்தாலி, இங்கிலாந்து – வேல்ஸ், ஆஸ்திரேலியா, கனடா, ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் புள்ளிவிவரங்களைக் கீஸ் ஒரே வரைபடத்தில் காட்டினார். கொழுப்பு உண்ணும் அளவு கூடக்கூட இதய நோய் இறப்பும் ஏறத்தாழ ஒரே வளைகோட்டில் உயர்ந்தது. 1955இல் செனீவாவில் உலக சுகாதார அமைப்பு கூட்டிய வல்லுநர் கூட்டத்தில் இக்கருத்து கடுமையான கேள்விகளை எதிர்கொண்டது.

1957இல் யாக்கோப் யெருசால்மி, எர்மன் இல்லபோ ஆகியோர் புள்ளிவிவரம் கிடைத்த 22 நாடுகளையும் சேர்த்துக் கணித்தனர். தொடர்பு முற்றிலும் மறையவில்லை, ஆனால் வெகுவாக வலுவிழந்தது. விலங்குப் புரதத்துக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பு கொழுப்பின் தொடர்பைவிட வலுவாகத் தெரிந்தது. செல்வ நாடுகளில் கொழுப்பு, இறைச்சி, சர்க்கரை, சிகரெட், மோட்டார் வண்டி எல்லாமே சேர்ந்து பெருகுகின்றன. அவற்றுள் நோய்க்குக் காரணம் எது, உடன் நிற்பது எது என்பதை நாடுகளின் சராசரிகளைக் கொண்டு பிரித்தறிய இயலாது. உணவு ஆய்வுகளை இன்றும் விடாது தொடரும் இடர்ப்பாடு இதுவேயாகும்.

கீஸ் பின்னாளில் வேண்டிய நாடுகளை மட்டும் பொறுக்கியெடுத்து ஏழு நாடுகள் ஆய்வை நடத்தினார் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. இது இரு வேறு பணிகளைக் குழப்புவதால் வந்த தவறு. 22 நாடுகள் பற்றிய விமரிசனம் 1953ஆம் ஆண்டின் வரைபடத்தைப் பற்றியது. ஏழு நாடுகள் ஆய்வு அவ்விமரிசனத்துக்குப் பின்னர் தொடங்கப்பட்டது.

ஏழு நாடுகள் ஆய்வு

நாடுகளின் சராசரிகள் போதா, மனிதர்களையே நேரில் அளக்க வேண்டும் என்ற நோக்குடன் 1958இல் இவ்வாய்வு முறைப்படி தொடங்கியது. ஐக்கிய அமெரிக்கா, பின்லாந்து, நெதர்லாந்து, இத்தாலி, யுகோசுலாவியா, கிரேக்கம், யப்பான் ஆகிய நாடுகளில் 16 குழுக்களாக, 40 முதல் 59 வயது வரையிலான 12,763 ஆண்கள் சேர்க்கப்பட்டனர். குருதி அழுத்தம், கொலஸ்டிரால், புகைப்பழக்கம், இதய மின்வரைவு ஆகியன எல்லா இடங்களிலும் ஒரே முறையில் அளக்கப்பட்டன. சிறு பிரிவினரின் உணவு எடைபோடப்பட்டு, ஆய்வகத்தில் பகுக்கப்பட்டது.

1970இல் முதல் விரிவான முடிவுகள் வெளியாயின. கிழக்குப் பின்லாந்தில் மாரடைப்பு மிக அதிகமாகவும், கிரேக்கத்தின் கிரீட் தீவிலும் யப்பானிலும் மிகக் குறைவாகவும் இருந்தது. யப்பானியர் மிகக் குறைந்த கொழுப்பு உண்டனர். கிரீட் மக்களோ தம் கலோரியில் சுமார் 40 விழுக்காட்டைக் கொழுப்பிலிருந்து பெற்றனர். அதில் பெரும்பகுதி ஆலிவ் எண்ணெய். ஆகவே மொத்தக் கொழுப்பு நோயை முன்னறிவிக்கவில்லை. வெண்ணெய், பால், இறைச்சி முதலியவற்றில் மிகுந்துள்ள நிறைவுற்ற கொழுப்பே நோயுடன் இணைந்து நின்றது.

இவ்வாய்வின் குறைகளும் பல. பெண்கள் சேர்க்கப்படவில்லை. பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகள் இடம்பெறவில்லை. ஒத்துழைக்கும் உள்ளூர் மருத்துவர்களும் வசதியும் இருந்த இடங்களே தெரிவு செய்யப்பட்டன. உணவு அளக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை சிறிது. கிரீட்டில் உணவுக் கணக்கெடுப்பின் ஒரு பகுதி கிறித்தவ நோன்புக் காலத்தில் அமைந்தது. இவற்றையும் மீறி, உலகின் வெவ்வேறு பகுதிகளில் ஒரே அளவுகோலால் இதய நோயை அளந்த முதல் பெரும் முயற்சி என்ற சிறப்பு இதற்குண்டு.

கொழுப்பா, சர்க்கரையா?

இலண்டன் பேராசிரியர் ஜான் யுட்கின், இதய நோய்க்குச் சர்க்கரையே முதன்மைக் காரணம் என வாதிட்டார். 1972இல் இதைப் பற்றிப் பொதுமக்களுக்கான நூலும் எழுதினார். கீஸ் 1971இல் வெளியிட்ட கட்டுரையில் இக்கருத்தைக் கடுமையாக மறுத்தார். ஏழு நாடுகள் ஆய்வில் சர்க்கரைக்கும் நோய்க்கும் தொடர்பு தெரிந்தாலும், நிறைவுற்ற கொழுப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் அது மறைந்துவிடுகிறது என்பது இவருடைய வாதம். இவருடைய நடை ஏளனம் கலந்ததாக இருந்தது. யுட்கினின் கருத்து பல பத்தாண்டுகள் ஒதுக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பர். 1960களில் ஆர்வர்டு ஆய்வாளர்கள் சிலர் எழுதிய மீளாய்வுக் கட்டுரைக்கு அமெரிக்கச் சர்க்கரைத் தொழில்துறை அமைப்பு பணம் கொடுத்திருந்தது என்பது 2016இல் ஆவணங்களுடன் வெளிவந்தது.

பல ஆண்டுகள் மறைந்திருந்த சோதனை

ஒப்பீடுகளால் காரணத்தை உறுதிசெய்ய இயலாதபோது, உணவை மாற்றிப் பார்க்கும் சோதனையே வழி. 1968 முதல் 1973 வரை ஐவன் பிராண்ட்சும் கீசும் மினசோட்டா மாநிலத்தின் மனநல மருத்துவமனைகளிலும் ஒரு முதியோர் இல்லத்திலும் 9,000க்கும் மேற்பட்டவர்களிடம் இத்தகைய சோதனையை நடத்தினர். ஒரு பிரிவினருக்கு நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாக மக்காச்சோள எண்ணெய் சேர்ந்த உணவு அளிக்கப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு வழக்கமான உணவு.

எண்ணெய் உண்டவர்களின் கொலஸ்டிரால் கீஸ் எதிர்பார்த்தவாறே சுமார் 14 விழுக்காடு குறைந்தது. ஆனால் மாரடைப்போ இறப்போ குறையவில்லை. இம்முடிவு 1989இல்தான் கட்டுரையாக வெளிவந்தது. விடுபட்ட தரவுகள் மீட்கப்பட்டு 2016இல் மீண்டும் ஆராயப்பட்டபோதும் எண்ணெய் உணவின் பயன் நிறுவப்படவில்லை. பெரும்பாலானோர் அவ்வுணவை உண்ட காலம் மிகக் குறுகியது என்பது கீசின் கருத்தை ஏற்பவர்கள் தரும் விடை. நாடுகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்றைக் கூற, அதே ஆய்வகத்தின் சோதனை அதை உறுதிசெய்யாமல் போனது குறிப்பிடத்தக்கது.

உணவு வழிகாட்டிகள்

1957இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் குழு, கொழுப்பைக் குறைக்கப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை என்று கூறியது. அக்குழுவில் கீஸ் இல்லை. நான்கே ஆண்டுகளில் கீசும் உறுப்பினராக இருந்த புதிய குழு, மாரடைப்பு வந்தவர்களும் வரும் வாய்ப்புள்ளவர்களும் நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்துத் தாவர எண்ணெய்களைக் கொள்ளுமாறு பரிந்துரைத்தது. 1961 ஜனவரியில் டைம் இதழின் அட்டையில் கீசின் படம் வெளியானது. இடைப்பட்ட காலத்தில் சான்று பெரிதும் மாறிவிடவில்லை. எவ்வளவு சான்று போதும் என்பதில் இரு குழுக்களின் அளவுகோல் வேறுபட்டது.

இதே பிளவு 1980இல் தேசிய அளவில் வெளிப்பட்டது. 1977இல் செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன் தலைமையிலான குழு கொழுப்பைக் கலோரியில் 30 விழுக்காடாகவும், நிறைவுற்ற கொழுப்பை 10 விழுக்காடாகவும் குறைக்க இலக்கு வகுத்தது. 1980இல் அமெரிக்க அரசின் முதல் உணவு வழிகாட்டி அவ்வழியே சென்றது. அதே ஆண்டில் தேசிய ஆய்வு மன்றத்தின் உணவுக் குழு, நலமுள்ளவர்கள் கொழுப்பையோ கொலஸ்டிராலையோ குறைக்கத் தேவையில்லை என்று அறிக்கை வெளியிட்டது. நோய் பரவிவரும்போது இறுதிச் சான்றுக்காகக் காத்திருப்பதும் தீங்கே என்பது ஒரு தரப்பின் நிலை. கோடிக்கணக்கான நலமுள்ளவர்களின் உணவை உறுதியான சான்றின்றி மாற்றலாகாது என்பது மறுதரப்பின் நிலை.

பிற்காலத்திலும் இவ்வேறுபாடுகள் தொடர்ந்தன.

மொத்தக் கொழுப்பு: அமெரிக்க வழிகாட்டி 1990இல் 30 விழுக்காடு என்ற உச்சவரம்பை வைத்து, 2005இல் அதை 20 முதல் 35 விழுக்காடாகத் தளர்த்தியது. உலக சுகாதார அமைப்பு 2023இல் 30 விழுக்காட்டையே வலியுறுத்தியது.

நிறைவுற்ற கொழுப்பு: 1990 முதல் 2020 வரையிலான அமெரிக்க அரசு வழிகாட்டிகள் 10 விழுக்காட்டுக்கும் குறைவு எனக் கூறின. 2013இல் அமெரிக்க இதய அமைப்புகள் கொலஸ்டிராலைக் குறைக்க வேண்டியவர்களுக்கு 5 முதல் 6 விழுக்காடு எனப் பரிந்துரைத்தன. கனடாவின் இதய அமைப்பு 2015இல் எண்வரம்பு எதையும் தராது விட்டது.

உணவிலுள்ள கொலஸ்டிரால்: நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்ற அமெரிக்க வரம்பு 2015இல் நீக்கப்பட்டது. இதன் தாக்கம் சிறிது என்று கீஸ் 1950களிலேயே கூறியிருந்தார்.

அணுகுமுறை: நெதர்லாந்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி, சத்துகளின் விழுக்காட்டை விட்டு உணவுப் பொருள்களையே முதன்மைப்படுத்தியது. பிரேசிலின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டி உணவு எந்த அளவுக்குப் பதப்படுத்தப்பட்டது என்பதை அடிப்படையாகக் கொண்டது.

நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்தவர் அதற்குப் பதிலாக எதை உண்கிறார் என்பதும் முடிவை மாற்றுகிறது. அவ்விடத்தைப் பன்மை நிறைவுறாக் கொழுப்புள்ள எண்ணெய் நிரப்பினால் ஒரு விளைவும், மைதாவும் சர்க்கரையும் நிரப்பினால் வேறொரு விளைவும் உண்டாகின்றன. 2020இல் வெளியான காக்ரேன் மீளாய்வு, குறைந்தது இரண்டு ஆண்டுகள் நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்த சோதனைகளைத் தொகுத்து, இதயக் குருதிக்குழாய் நிகழ்வுகள் சுமார் 17 விழுக்காடு குறைந்ததாகவும், மொத்த இறப்பில் பெரிய மாற்றம் இல்லை எனவும் கண்டது. நோய் நிகழ்வை நோக்கும் குழுவும் இறப்பை நோக்கும் குழுவும் இந்த ஒரே தொகுப்பிலிருந்து வெவ்வேறு பரிந்துரைகளுக்கு வர முடியும்.

பின்லாந்தில் 1972இல் வட கரேலியாத் திட்டம் தொடங்கியது. வெண்ணெயும் உப்பும் புகையும் ஒருங்கே குறைக்கப்பட்டன. பின்வந்த பத்தாண்டுகளில் நடுவயது ஆண்களின் மாரடைப்பு இறப்பு பெருமளவு வீழ்ந்தது. ஆயினும் அதில் உணவின் பங்கு எவ்வளவு, சிகரெட்டைக் கைவிட்டதன் பங்கு எவ்வளவு எனத் துல்லியமாகப் பிரிப்பது எளிதன்று.

மத்தியதரை உணவுமுறை

1959இல் கீஸ் இணையர் எழுதிய சமையல் – உடல்நல நூல் பெருமளவில் விற்பனையானது. பின்னர் இவர்கள் தென் இத்தாலியின் சிலெந்தோ கடற்கரையிலுள்ள பியோப்பி என்னும் சிற்றூரில் வீடு கட்டிக்கொண்டு, ஆண்டின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தனர். காய்கறி, பருப்பு, ரொட்டி, ஆலிவ் எண்ணெய், மீன், சிறிதளவு இறைச்சி என அவ்வூர் மக்கள் உண்டதையே தாமும் உண்டனர். 2010இல் யுனெஸ்கோ மத்தியதரை உணவுமுறையை மானிடத்தின் அருவப் பண்பாட்டு மரபாக அறிவித்தபோது, இத்தாலியின் சார்பில் சிலெந்தோப் பகுதியே முன்னிறுத்தப்பட்டது. தனித்தனிச் சத்துகளின் அளவில் முரண்படும் வழிகாட்டிகள் பலவும் இவ்வகை உணவை நல்லதென ஏற்கின்றன.

பணி ஓய்வு பெற்ற 1972ஆம் ஆண்டில் கீசும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, எடையை உயரத்தின் இருமடியால் வகுக்கும் கெட்டலேயின் பழைய அளவுக்கு உடல் நிறைக் குறியெண் என்ற பெயரைச் சூட்டியது. அப்பெயரே இன்றும் மருத்துவமனைகளில் வழங்குகிறது.

மறைவு

கீஸ் தம் நூறாவது வயதில், நூற்றொன்றாம் பிறந்தநாளுக்கு இரண்டு மாதங்களே இருக்கையில், மினியாபொலிசில் காலமானார். இவருடைய நெடிய ஆயுளை இவருடைய உணவுக் கொள்கைக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. தனி மனிதர் ஒருவரின் வாழ்நாள் அத்தகைய சான்றாகாது. நோயில்லாதவர்களை முன்கூட்டியே அளந்து, பல்லாண்டு காத்திருந்து, ஊரோடு ஊரை ஒப்பிடும் முறையை நிலைநாட்டியவரும் கீசே ஆவார். இவருடைய முடிவுகளை ஐயுற்றவர்களும் பெரும்பாலும் அம்முறைகளைக் கொண்டே அவற்றைச் சோதித்தனர்.

எழுதிய நூல்களுள் சில (தமிழாக்கத் தலைப்புகள்)

மனிதப் பட்டினியின் உயிரியல் (1950, உடன் ஆய்வாளர்களுடன்)
நன்கு உண்டு நலமாய் இரு (1959, மார்கரெட் கீசுடன்)
நலந்தரும் அவரை (1967, மார்கரெட் கீசுடன்)
மத்தியதரை வழியில் நன்கு உண்டு நலமாய் இருப்பது எப்படி (1975, மார்கரெட் கீசுடன்)
ஏழு நாடுகள் (1980)